செல்போனில் சோலார் கணக்கு: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மாடிக்கு மாடி சோலார் பேனல் ஏறிவிட்டது. மாட்டிக் கொடுப்பவர் போகிற போக்கில் உங்கள் செல்போனில் ஒரு ஆப்பையும் ஏற்றிவிட்டுப் போகிறார். அதில் எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது என்று உட்கார்ந்து சொல்ல அவருக்கு நேரம் இருப்பதில்லை. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியவைதான்.

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். நாலு நாளாக ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்றே வருகிறது. கரண்ட் உற்பத்தி நின்றுவிட்டதா?

பெரும்பாலும் நின்றிருக்காது. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் செருகியிருக்கும் சின்ன டேட்டா லாகர்தான் வீட்டு வைஃபை வழியாகச் சில நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். வைஃபை போனால் தகவல் வராது, அவ்வளவுதான். பேனலும் இன்வெர்ட்டரும் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் இதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. வீட்டைப் பார்த்துக்கொள்பவர், யாரும் இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று ரவுட்டரை அணைத்திருப்பார். அல்லது பிராட்பேண்டுக்குப் பணம் கட்டும் தேதி தாண்டியிருக்கும். மூன்றாவது, தூரம். ரவுட்டர் முகப்பில், இன்வெர்ட்டர் வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில். நடுவே வளவு, பட்டாலை என்று முற்றமும் கூடமும், முழங்கை தடிமனுக்குச் சுவர்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர்கள் ஈரமேறி நின்றால் சிக்னல் இன்னும் தேயும். இரண்டாம் கட்டில் சிக்னலை வாங்கி மேலும் கடத்தும் ஒரு எக்ஸ்டெண்டர் வைத்தால் சரியாகும். ரவுட்டரை மாற்றும்போதும் கவனம்: அநேக லாகர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றின் கண்ணுக்கே தெரியாது.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருப்பவரைப் பகலில் இன்வெர்ட்டர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ‘மொத்த உற்பத்தி’ என்று ஓர் எண் இருக்கும். ஆப்பில் கடைசியாகப் பதிவான மொத்தத்தை விட அது கூடியிருந்தால் நாலு நாளும் ஓடியிருக்கிறது என்று பொருள். இணைப்பு திரும்பினாலும் விட்டுப்போன நாட்களின் வரைபடம் சில மாடல்களில் வராது. மொத்தக் கணக்கு கெடாது, கவலை வேண்டாம். இரவில் ஆஃப்லைன் என்று வந்தால் பொருட்படுத்தவே வேண்டாம். வெயில் போனதும் பல இன்வெர்ட்டர்கள் லாகரோடு சேர்ந்து உறங்கிவிடும்.

அதே வீட்டைப் பற்றி இன்னொன்று. உற்பத்தி பகல் இரண்டே முக்காலுக்கு உச்சிக்குப் போவதாகக் காட்டுகிறதே?

நல்ல கண் உங்களுக்கு. நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டே காலுக்கு. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் ஆகும். நிழல் இல்லாத தெற்குப் பார்த்த பேனல் என்றால் மேகமில்லாத நாளில் வரைபடத்தின் முகடும் அங்கேதான் நிற்க வேண்டும். இரண்டரை மணி நேரம் தள்ளிப் போகிறது என்றால் ஆப்பில் உங்கள் வீட்டின் நேரம் சீனக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பல இன்வெர்ட்டர்கள் அங்கிருந்து வருபவை. சிங்கப்பூருக்கும் அதே நேரம்தான் என்பதால் உங்களுக்கு இத்தனை நாள் உறுத்தாமல் இருந்திருக்கலாம். ஆப் செட்டிங்கில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றுங்கள்.

ஆப்பில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல் காட்டுகிறது. இபி கணக்கில் நாங்கள் கொடுத்தது 450தான் என்று இருக்கிறது. மீதி எங்கே போனது? (காரைக்குடி)

உங்கள் வீட்டுக்குள்ளேதான். நிறையப் பேர் இதைக் கேட்டு, போட்டுக் கொடுத்தவரோடு சண்டை வரை போயிருக்கிறார்கள். இன்வெர்ட்டரில் இருந்து வரும் மின்சாரத்தை முதலில் உங்கள் பிரிட்ஜும் மோட்டாரும் மிக்ஸியும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதுதான் மீட்டரைத் தாண்டி வெளியே போகும். ஆப்புக்குத் தெரிவது உற்பத்தி மட்டும், இபி மீட்டருக்குத் தெரிவது வெளியே போனதும் உள்ளே வந்ததும் மட்டும். ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குத் தெரியாது.

உற்பத்தி 720, வெளியே போனது 450 என்றால் பகலில் நீங்கள் நேரடியாகச் செலவழித்தது 270. இபியிடம் வாங்கியது 380 என்று வைத்தால் வீட்டின் முழுச் செலவு 270-உம் 380-உம் சேர்த்து 650 யூனிட். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இபிக்காரர் ரீடிங் எடுத்த அதே நாளில் ஆப்பின் மொத்தத்தையும் குறித்து வைக்க வேண்டும். தேதி ஒரு வாரம் தள்ளினாலே எண்பது யூனிட் வித்தியாசம் வந்துவிடும். இரண்டு சதவீதம் முன்பின் இருந்தால் விட்டுவிடுங்கள், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் அளவீடு பில் போடுகிற தரத்தில் செய்யப்பட்டதல்ல.

வீட்டுச் செலவும் ஆப்பிலேயே தெரிய வேண்டுமென்றால், மெயின் லைனில் அதற்கென ஒரு தனி மீட்டரோ கரண்ட் சென்சாரோ மாட்ட வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் மாசியில் வந்த அளவுக்குக் கூட யூனிட் வரவில்லை. பேனல் கெட்டுவிட்டதா தம்பி? (தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி)

கெடவில்லை ஆச்சி. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் பதினான்கு சதவீதம் அப்போதே போய்விட்டது. மாசியில் வானமும் தெளிவு, காற்றும் இதம்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளையில் நமக்கு வடக்கே நிற்கும். பேனல்களை எல்லோரும் தெற்குப் பார்த்துச் சாய்த்துத்தான் வைக்கிறோம். அந்த நாலு மாதம் வெயில் கொஞ்சம் சாய்வாக விழத்தான் செய்யும். அதோடு, பேனலுக்கு வடக்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டியோ உயர்ந்த முகப்புச் சுவரோ இருந்தால், தை மாதத்தில் விழாத நிழல் ஆனி மாதத்தில் விழும். இடம் பார்க்க வருகிறவர்கள் மார்கழியில் வந்து பார்த்துவிட்டு ‘நிழலே இல்லை’ என்று எழுதிக்கொண்டு போவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அளவுகோல் வேண்டுமென்றால்: ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாயோடு 3 கிலோவாட்டில் நின்றுவிடுவதால் நம் பக்கம் பலரும் போடுவது அந்த அளவுதான். அதற்குப் பன்னிரண்டு யூனிட். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதிக்கும் கீழே போகும். இந்த ஏப்ரலை ஒப்பிட வேண்டியது போன ஏப்ரலோடு.

நல்ல வெயில் நேரத்தில் வரைபடம் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, பத்து நிமிடம் கழித்து எழுகிறது. ஒரே நாளில் நாலைந்து தடவை. (பள்ளத்தூர்)

மேகம் என்றால் வரைபடம் பல்பல்லாகக் குறையும், தரையைத் தொடாது. செங்குத்தாக விழுந்தால் இன்வெர்ட்டர் தானே லைனை விட்டு விலகியிருக்கிறது. ஆப்பில் வோல்டேஜ் வரைபடத்தைத் திறந்து அதே நிமிடத்தைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. 230 வோல்ட்டில் பத்து சதவீதம் கூடினால் 253. அதையொட்டி ஒரு வரம்பில் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும், பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்து சேரும்.

நம் தெருக்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். பத்து வீட்டில் ஏழு பூட்டு, பகலில் கரண்ட் எடுக்க ஆளில்லை. இருக்கிற மூன்று வீட்டு சோலாரும் ஒரே லைனில் தள்ளினால் வோல்டேஜ் ஏறாமல் என்ன செய்யும்? அந்த வரைபடத்தை ஒரு வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இபி அலுவலகத்தில் எழுத்தில் மனுவாகக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் அளவைத் தீர்மானிக்கும் ‘டேப்’ இணைப்பை மாற்றிக் குறைக்க வழியுண்டு. இன்வெர்ட்டரில் இருந்து மீட்டர் வரை போகும் கேபிள் மெலிதாக இருந்தாலும் இந்தத் தொல்லை கூடும், அதையும் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். யாராவது ‘இன்வெர்ட்டர் செட்டிங்கில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் வரம்பு கூடிவிடும்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். அந்த வரம்பு உங்கள் டிவிக்கும் பிரிட்ஜுக்கும் சேர்த்துத்தான் காவல்.

கரண்ட் போனால் வெயில் அடிக்கும்போதே ஆப் பூஜ்யம் காட்டுகிறதே? (கொத்தமங்கலம்)

பேட்டரி இல்லாத அமைப்பு அப்படித்தான், லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக.

எந்த ஆப் நல்லது? (ஆத்தங்குடி)

தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு உங்களுக்கு இல்லை, இன்வெர்ட்டர் எந்தக் கம்பெனியோ அதன் ஆப்தான். க்ரோவாட் என்றால் ஷைன்போன், ஃப்ரோனியஸ் என்றால் சோலார் வெப். பார்க்க வேண்டியது வேறு: கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பல இடங்களில் போட்டுக் கொடுத்தவர் தன் மெயிலில் கணக்கைத் திறந்து, வீட்டுக்காரருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருப்பார். நாளைக்கு அவர் கடையை மூடினால் வைஃபை பாஸ்வேர்டு மாற்றக்கூட நீங்கள் அலைய வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் உரிமையாளர் கணக்கை உங்கள் மெயிலுக்கு மாற்றி வாங்குங்கள்.

மயில்கள் பேனல் மேல் ஏறி அசிங்கம் பண்ணுகின்றன. எந்தப் பேனலில் என்று ஆப் காட்டுமா? (நெற்குப்பை)

ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக மாட்டும் மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ என்ற சின்னக் கருவி இருந்தால் காட்டும். சாதாரண அமைப்பில் வரிசை வரிசையாகத்தான் தெரியும். பிவி1, பிவி2 என்று இரண்டு வரிசை இருந்து, இரண்டும் ஒரே திசை பார்த்திருந்தால், ஆம்பியரை நண்பகலில் ஒப்பிடுங்கள். ஒன்றில் 9, மற்றதில் 7 என்றால் மாடிக்கு ஏற வேண்டியதுதான். எச்சம் காய்ந்து ஒட்டிய இடம் சூடேறி அந்தப் பேனலையே கெடுத்துவிடும், நாள் கடத்தாதீர்கள். அதிகாலையில் கழுவுங்கள், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அப்படியே காய விடாமல் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் எச்சம் போய் வெள்ளைக் கறை வந்து உட்காரும்.