காய்ச்சல் தீர்ந்த பிறகு வரும் கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக். வடக்கே எல்லையில் இருக்கிறார். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நான்கு நாளும் அவர் போன் கிடைக்கவில்லை. டி.வி.யில் ஒரே கூச்சல். சொந்தக்காரர்கள் விடாமல் கூப்பிட்டு, ‘எங்கே இருக்கார், அங்கே என்ன நடக்குது’ என்று கேட்டார்கள். எனக்கே தெரியாது. இப்போது தினமும் ராத்திரி வீடியோ காலில் வருகிறார். எனக்குத்தான் பேச வரவில்லை. தேயிலை விலை இறங்கியது, பையனுக்குக் காய்ச்சல், அத்தைக்கு முட்டிவலி என்று எதைச் சொன்னாலும் முகம் மாறிவிடுகிறது. மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார். மாமனாரும் ராணுவத்தில் இருந்தவர்தான். ‘எங்க காலத்துல கடுதாசி, அதுவே நிம்மதி’ என்கிறார் அத்தை. வீட்டுக் கஷ்டங்களை அவரிடம் மறைப்பது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி. பையனுக்குக் காய்ச்சல் என்று அவர் எழுதிய கடிதத்தை உங்கள் மாமனார் பிரிக்கும்போது, பையன் குணமாகிப் பள்ளிக்கூடம் போயிருப்பான். மாமனாரும் கவலைப்பட்டிருப்பார். ஆனால் ‘இந்நேரம் சரியாகியிருக்கும்’ என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இடம் இருந்தது. போனில் அந்த இடம் இல்லை. தெர்மாமீட்டர் 102 காட்டும்போதே உங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். பார்த்து என்ன செய்வார்? கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து ஜீப் பிடிக்க முடியுமா? கொஞ்ச நேரத்தில் காவலுக்கு வேறு போயாக வேண்டும். முகம் மாறுவது அதனால்தான், உங்கள் மேல் கோபம் இல்லை.

அதற்காகக் கடிதக் காலத்தை ரொம்பவும் கொண்டாட வேண்டாம். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த நம் சிப்பாய்கள் ஊருக்கு எழுதியதைத் தணிக்கை அதிகாரிகள் படித்த பிறகுதான் அனுப்பினார்கள். அதனால் இந்தியச் சிப்பாய்களைக் கருப்பு மிளகு என்றும், வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சிவப்பு மிளகாய் என்றும் வைத்து, கருப்பு மிளகு தீர்ந்துபோகிறது என்கிற மாதிரி எழுதினார்கள். தணிக்கைக்காரர்களுக்கு இதுவும் புரிந்துவிட்டது என்பது வேறு விஷயம். வீட்டுக்கு எழுதுவதை இன்னொருவன் முதலில் படிக்கிறான் என்றால் அதில் என்ன நிம்மதி?

கார்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்காரர் மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று படாலிக்கில் இறந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த வீட்டில் அத்தனை நாளும் எப்படி இருந்திருக்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த நான்கு நாள் போன் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. 2023 புத்தாண்டு அன்று உக்ரைனின் மகியிவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ராக்கெட் விழுந்தது. 89 பேர் இறந்ததாகச் சொன்ன ரஷ்ய ராணுவம், தடையை மீறி வீரர்கள் செல்போன் பயன்படுத்தியதுதான் முக்கியக் காரணம் என்றது. அதிகாரிகள் தங்கள் தப்பை மறைக்கப் பழியைச் சிப்பாய்கள் மேல் போட்டார்கள் என்று அங்கேயே பேச்சு கிளம்பியது. எப்படியானாலும், போன் இருக்கும் இடத்தை எதிரி கண்டுபிடிக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. நம் ராணுவமும் 2020-இல் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. ஆகவே அடுத்த முறை போன் கிடைக்காவிட்டால், அவர் உத்தரவுப்படி நடக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள். படைகளின் நகர்வை நேரலையில் காட்டாதீர்கள் என்று 2025 ஏப்ரலிலேயே அரசு சேனல்களுக்கு எழுத வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சேனல்களைப் பார்த்தா தைரியம் வரப்போகிறது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மறைக்காதீர்கள். ஆனால் சொல்கிற வரிசையை மாற்றுங்கள். ‘காலையில் உடம்பு சுட்டது, டாக்டரிடம் காட்டினேன், மருந்து கொடுத்திருக்கிறார், இப்போது தூங்குகிறான்’ என்று சொல்லுங்கள். கடிதம் தானாகச் செய்ததை இப்போது நீங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. கூடுதல் வேலைதான், உங்களுக்கே ஆயிரம் வேலை இருக்கும்போது.

இன்னொன்று. அவர் முடிவு செய்ய ஏதாவது விட்டுவையுங்கள். கீழ்த் தோட்டத்தை இந்த வருஷம் கவாத்து வெட்டலாமா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா? இதை அவரிடம் கேளுங்கள். கார்கிலில் இறந்த 22 வயது கேப்டன் விஜயந்த் தாப்பர் பெற்றோருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், காஷ்மீரில் தனக்குப் பழக்கமான ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்துவரச் சொல்லியிருந்தார். மறுநாள் உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர் அந்த 50 ரூபாயை மறக்கவில்லை. எல்லையில் இருப்பவருக்கும் வீட்டுக் கணக்கில் பங்கு வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். அவர் இருந்த படைப்பிரிவில் எல்லோரும் காத்திருந்து கேட்டது ஒரு சமையல்காரருக்கு வந்த கடிதத்தையாம். அவர் மனைவி பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைத் தொடர்கதையாக எழுதுவாராம். ‘எதிரி பக்கம் என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியும் சார், அந்தக் குழாய் என்ன ஆச்சுன்னுதான் தெரியாது’ என்பார். உங்கள் ஊரிலும் குழாய் இருக்கும், சண்டையும் இருக்கும். காட்டுமாடு தோட்டத்தில் புகுந்த கதையும் இருக்கும்.

உங்கள் சொந்தக்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தையும் முப்படைக் கல்லூரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிப்பாய் வீட்டில் எதைக் கேட்கக்கூடாது என்பதுகூட நமக்குத் தெரியவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோது, உள்ளே முப்படைத் தளபதி பிபின் ராவத் இருக்கிறார் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. தண்ணீர்க் குடத்தையும் வீட்டுக் கம்பளியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யாரும் யாரையும் ‘என்ன நடக்குது’ என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த முறை யாராவது கூப்பிட்டால், அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வரச் சொல்லுங்கள். இலை மூட்டையை எடை போடும் இடம் வரை தூக்கிவரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அப்புறம் கூப்பிட மாட்டார்கள், அதுவும் லாபம்தான்.

கடிதத்தின் ஓரத்தில், ஊட்டி வர்க்கி பார்சல் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மேலே துணி வைத்து மூடுங்கள். அவர் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் அவர் கொடுத்த ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) எண், அவ்வளவுதான் முகவரி. எந்த இடம் என்று தெரிந்திருந்தாலும் எழுதக்கூடாது. எப்படிக் கட்டினாலும் பாதி தூளாகத்தான் போய்ச் சேரும். டீயில் கொட்டி ஸ்பூனால் சாப்பிடுவார்கள், கவலைப்படாதீர்கள். இரண்டு பாக்கெட் சேர்த்தே அனுப்புங்கள், பக்கத்துக் கட்டில்காரர்களும் இருக்கிறார்கள்.