விஎம்முக்கு இணையம் போகவில்லையா? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சொந்த சேர்வரில் (இதைத்தான் கீழே ஹோஸ்ட் என்கிறேன்) ஓப்பன்ஸ்டாக் அல்லது புரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓட்டுகிறவர்களுக்கான கேள்வி பதில் இது. கேட்க முன்னர் விஎம்முக்குள் இருந்து நாலு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) அடித்துப் பாருங்கள்: விஎம்மின் கேட்வே (வெளியேறும் வாசல்), வெளி ரவுட்டர், கூகிளின் 8.8.8.8, கடைசியாக ஒரு தளத்தின் பெயர். "நெற் இல்லை" என்ற ஒரு சொல்லுக்குள் ஏழெட்டுப் பிழைகள் கிடக்கின்றன. பிங் எந்த இடத்தில் நின்றது என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அறிவியல்நகர், கிளிநொச்சி: அண்ணை, ஓப்பன்ஸ்டாக் விஎம்மில நாலு பிங்கும் போகுது. ஆனா அப்டேற் அடிச்சா அப்பிடியே நிக்குது, சில தளங்கள் திறக்குது, சிலது சுத்திக்கொண்டே இருக்குது. டிஎன்எஸ் பிழையோ?

டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்குவது) இல்லைத் தம்பி. பெயரால் பிங் போகிறதென்றால் அது சரி. சின்னப் பக்கெற் போய்ப் பெரிய பக்கெற் நிற்கிறது, அதாவது எம்ரியூ (ஒரு பக்கெற்றின் உச்ச அளவு, பைற்றில்) பிழை. விஎம்களுக்கிடையிலான வலையமைப்பு, பக்கெற்றை இன்னொரு பக்கெற்றுக்குள் சுற்றி அனுப்பும் விஎக்ஸ்லானில் ஓடினால் ஒவ்வொரு பக்கெற்றுக்கும் 50 பைற் மேலுறை விழும். அதே மாதிரியான ஜெனீவ் என்றால் 58. ஆகவே கம்பியில் 1500 இருந்தால் விஎம்முக்கு 1450 அல்லது 1442 தான் மிஞ்சும். விஎம் தன்னிடம் 1500 இருப்பதாக நினைத்தால் அதன் முழு அளவுப் பக்கெற் இடைவழியில் விழுந்துவிடும். "பெரிதாக இருக்கிறது, குறை" என்று திரும்பி வரவேண்டிய ஐசிஎம்பி செய்தியை ஏதோ ஒரு பயர்வோல் மறித்தால் விஎம்முக்கு விசயமே தெரியாது, காத்துக்கொண்டே இருக்கும்.

சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு பிங் அடியுங்கள். 28 பைற் தலைப்புக்குப் போகும் என்பதால் தரவு அளவு 1472 கொடுத்தால் அது 1500 பக்கெற். பதில் வராவிட்டால் 1422, அதற்கும் வராவிட்டால் 1414. எது போகிறதோ அதோடு 28 கூட்டினால் உங்கள் உண்மையான எம்ரியூ.

நல்ல தீர்வு, ஹோஸ்ட்களின் நெற்வேர்க் கார்ட்டையும் சுவிட்சையும் 1600க்கோ 9000க்கோ உயர்த்தி, நியூட்ரோன் (ஓப்பன்ஸ்டாக்கின் நெற்வேர்க் பகுதி) அமைப்பிலும் பௌதிக எம்ரியூவை அதற்கேற்ப மாற்றுவது. சுவிட்ச் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் 1450 அல்லது 1442லேயே விடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. விஎம்முக்குள் கையால் 1500 எழுதி வைக்காமல் டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) சொல்வதை எடுக்க விடுங்கள். பழைய நெற்வேர்க்குகள் தாமாக மாறாது, ஒவ்வொன்றுக்கும் எம்ரியூவை மாற்றி விஎம்மில் லீசை (டிஎச்சிபி கொடுத்த முகவரி ஒதுக்கீட்டை) புதுப்பிக்க வேண்டும். விஎம்முக்குள் டொக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) ஓடினால் அதன் பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்) வழமையாக 1500 இல் நிற்கும், அதையும் குறையுங்கள். பலர் இந்த இடத்தைத் தவறவிட்டுவிட்டு முழுவதையும் திரும்ப நிறுவுகிறார்கள். வெளி இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் அங்கே 1492 தான். விஎம்களை 1500க்கு உயர்த்தினால் வெளி ரவுட்டரில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு ரிசிபி பக்கெற்றில் போகும் தரவின் உச்ச அளவை) 1452க்குக் கட்டுப்படுத்த வேண்டும்.

மாங்குளம்: கேட்வேக்குப் பிங் போகுது, 8.8.8.8க்கு இல்லை. எங்க தேடுறது?

ஓப்பன்ஸ்டாக்கின் ரவுட்டருக்கு வெளி கேட்வே கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொடுத்திருந்தால், நெற்வேர்க் நோட்டில் (ஓப்பன்ஸ்டாக்கின் ரவுட்டர் ஓடும் சேர்வரில்) வெளிப் பக்கக் கார்ட்டில், பக்கெற்றுகளைக் காட்டும் ரிசிபிடம்பை ஓடவிட்டு விஎம்மிலிருந்து பிங் அடியுங்கள். பக்கெற் தெரியவே இல்லையென்றால் பிழை உள்ளே. 10 இல் தொடங்கும் உள் முகவரியோடு வெளியே போனால் முகவரி மாற்றம் நடக்கவில்லை, ரவுட்டரில் எஸ்நாட் அணைந்திருக்கும். சரியான முகவரியோடு போயும் பதில் இல்லையென்றால் வெளி ரவுட்டரையும் சுவிட்ச் போர்ட்டின் விலானையும் (ஒரே சுவிட்சில் பிரித்த தனி நெற்வேர்க்கையும்) பாருங்கள்.

அடிக்கடி நடக்கிற இன்னொன்று: ஹோஸ்டின் நெற்வேர்க் கார்ட்டை வெளிப் பிரிட்ஜில் சேர்த்த உடனே ஹோஸ்டுக்கே இணையம் போய்விடும். ஐபி பழைய கார்ட்டிலேயே கிடப்பதுதான் காரணம். அதைப் பிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். தூரத்திலிருந்து இதைச் செய்யாதீர்கள், கீபோர்ட்டும் திரையும் பக்கத்தில் இருக்கட்டும்.

விசுவமடு: லப்டொப்பில புரொக்ஸ்மொக்ஸ், 4ஜி ரவுட்டருக்கு வைபையால இணைப்பு. விஎம்முக்கு ஐபியே வருகுதில்லை.

வைபையைப் பிரிட்ஜ் பண்ண முடியாது. ரவுட்டர், தன்னிடம் பதிந்த ஒரு மக் முகவரியிலிருந்து (நெற்வேர்க் கார்ட்டின் அடையாள எண்ணிலிருந்து) வருவதை மட்டும் ஏற்கும். விஎம்மின் மக் அதற்குப் புதிது, தள்ளிவிடும். ரவுட்டரில் லான் துளை இருந்தால் கேபிள் போடுங்கள், அதுவே போதும். இல்லாவிட்டால் எந்த நெற்வேர்க் கார்ட்டும் இணைக்காத இரண்டாவது பிரிட்ஜ் ஒன்று உருவாக்கி 10.10.10.1/24 கொடுங்கள். ஹோஸ்டில் ஐபி போர்வேடிங்கை (பக்கெற்றைக் கடத்திவிடும் அமைப்பை) 1 ஆக்கி, வைபை வழியாக வெளியேறுவதற்கு மஸ்கரேட் (ஹோஸ்டின் முகவரிக்கு மாற்றி அனுப்பும்) விதி போடுங்கள். அந்தப் பிரிட்ஜில் தானாக டிஎச்சிபி ஓடாது. விஎம்களுக்குக் கையால் முகவரி கொடுங்கள் அல்லது டிஎச்சிபி கொடுக்கக்கூடிய டிஎன்எஸ்மாஸ்க் நிறுவுங்கள். 4ஜி ரவுட்டர் பாவிக்கிற அதே முகவரி வரிசையை உள்ளே பாவித்தால் வழி குழம்பும், கவனம்.

வவுனியா: கேவிஎம் (லினக்ஸில விஎம் ஓட்டுற முறை) ஹோஸ்டில டொக்கர் போட்ட பிறகு எல்லா விஎம்முக்கும் நெற் போச்சு.

டொக்கர் ஹோஸ்டின் போர்வேட் கொள்கையை "தள்ளு" என்று மாற்றிவிடும். பிரிட்ஜால் போகிற பக்கெற்றும் ஐபிரேபிள்ஸ் (லினக்ஸின் பயர்வோல்) வழியாகப் போவதால் விஎம்கள் மாட்டுப்படுகின்றன. டொக்கர் யூசர் சங்கிலியில் உங்கள் பிரிட்ஜுக்கு அனுமதி விதி சேருங்கள். பிரிட்ஜை ஐபிரேபிள்ஸிலிருந்து முற்றாக விலக்கச் சொல்லும் ஆலோசனையும் கிடைக்கும். ஓப்பன்ஸ்டாக் கம்பியூட் நோட்டில் (விஎம்கள் ஓடும் ஹோஸ்டில்) அதைச் செய்யாதீர்கள், செக்கியூரிட்டி குறூப் (விஎம்முக்கான பயர்வோல் விதிகள்) செயலிழக்கலாம். என் விருப்பம், டொக்கரை ஹோஸ்டிலிருந்து எடுத்து ஒரு விஎம்முக்குள் வைப்பது.

துணுக்காய்: ஒரு உபுண்டு விஎம்மைக் குளோன் பண்ணி மூண்டாக்கினன். நெற் வந்து வந்து போகுது.

மூன்றும் ஒரே ஐபியை எடுத்திருக்கும். மக் வேறாக இருந்தாலும் உபுண்டு டிஎச்சிபிக்கு மெஷின் ஐடியிலிருந்து (கணினிக்கான தனி அடையாள எண்ணிலிருந்து) உண்டாக்கிய அடையாளத்தைக் கொடுக்கும், குளோனில் அது ஒன்றே. மூல விஎம்மில் மெஷின் ஐடி உள்ள கோப்பை (/etc/machine-id) வெறுமையாக்கிவிட்டுக் குளோன் பண்ணுங்கள். கோப்பை அழிக்க வேண்டாம், உள்ளடக்கத்தை மட்டும்.

புதுக்குடியிருப்பு: கரண்ட் போய் வந்த பிறகு பிங் எல்லாம் சரி, தளங்கள் மட்டும் சான்றிதழ் பிழை எண்டு சொல்லுது.

மணிக்கூட்டைப் பாருங்கள் தங்கச்சி. ஹோஸ்டின் சிஆர் 2032 பற்றரி செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும், விஎம்களும் அதையே எடுக்கும். பற்றரியை மாற்றி, ஹோஸ்டிலும் விஎம்மிலும் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் குரோனியை ஓடவிடுங்கள்.

முல்லைத்தீவு: புளோட்டிங் ஐபி குடுத்தும் வெளியில இருந்து விஎம்முக்கு வர ஏலாமல் கிடக்கு.

புளோட்டிங் ஐபி (வெளியிலிருந்து விஎம்மை அடைய ஓப்பன்ஸ்டாக் ஒதுக்கும் முகவரி) உங்கள் வெளி நெற்வேர்க் வரைக்கும்தான். முதலில் செக்கியூரிட்டி குறூப்பில் உள்வரும் ஐசிஎம்பியையும் (பிங்குக்கு) போர்ட் 22ஐயும் (எஸ்எஸ்எச் உள்நுழைவுக்கு) திறந்து, அதே லானில் உள்ள கணினியிலிருந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் 4ஜி ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 இலிருந்து 100.127 வரையான வரிசை என்றால் இணைய நிறுவனமே பலரை ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் போர்ட் திறந்து பயன் இல்லை. பொது ஐபி உள்ள சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்) ஒன்றுக்கு உள்ளிருந்து வயர்கார்ட் (விபிஎன் மென்பொருள்) சுரங்கம் போட்டு, 25 செக்கனுக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்ப வையுங்கள். வெளியார் அந்த வழியால் வரலாம்.

மல்லாவி: பாடசாலை ஆய்வுகூடத்தில பத்து விஎம். டேட்டா மாதம் முடிய முன்னமே முடியுது.

பத்தும் ஒரே அப்டேற்றைப் பத்துத் தரம் இறக்குகின்றன ரீச்சர். ஒரு விஎம்மில், இறக்கிய பொதிகளைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் ஆப்ட் கச்சர் என்ஜி நிறுவுங்கள், போர்ட் 3142. மற்ற ஒன்பதையும் அதைப் புரொக்சியாக (இடைத்தரகராக) பாவிக்கச் சொல்லுங்கள். அப்டேற் இறக்கும் இடங்களின் மூலப் பட்டியலில் முகவரிகள் எச்ரிரிபிஎஸ் இல்லாமல் எச்ரிரிபியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமிக்காது. பொதிகள் கையொப்பமிட்டே வருவதால் இதில் பயப்பட ஒன்றுமில்லை.