வளவின் பெயர் என்ன? தீவகத்துப் பழைய வீடுகளும் உறுதிகளும்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத் தீவகத்து வீடுகள், காணிகள், அவற்றின் உறுதிகள் (காணிப் பத்திரங்கள்) பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், உறுதி எழுதி முடிக்கும் நொத்தாரிசு ஒருவரிடம் நாற்பது வருடம் இலிகிதராக இருந்த வேலணைக்காரர்.

புங்குடுதீவில் எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீடு இருக்கிறது. 1991இல் விட்டுவந்தோம். உறுதி தொலைந்துவிட்டது. அம்மப்பாவின் பெயரில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. (பேத்தி, ஸ்காபரோ)

அகப்படாது, பிள்ளை. அந்த மனிதர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். நம் பக்கத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போனவை. ஆகவே அம்மம்மாவின் பெயரில் தேடு. அதற்கு முன் அவருடைய தாயின் பெயரில். சீதன உறுதி என்றோ நன்கொடை உறுதி என்றோ இருக்கும். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்வழியே தேடித்தான் களைத்துப் போகிறார்கள்.

அடுத்தது காணிப் பெயர். உறுதியில் வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ எதிர்பார்க்காதே. காணிக்கு ஒரு பெயர், பரப்பளவு, நான்கு எல்லை, இவ்வளவுதான். அந்தப் பெயர் உனக்குத் தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரரிடம் கேள். அவருடைய உறுதியில் உன் அம்மம்மா எல்லையாக நிற்பார்: "மேற்கு: இன்னாரின் மனைவி இன்னார்" என்று. நாங்கள் பல காணிகளை இப்படி அயலவரின் உறுதியைக் கொண்டுதான் கண்டுபிடித்தோம்.

உறுதி தொலைந்ததற்காகப் பயப்படாதே. ஒரு உறுதி முடிக்கும்போது மூன்று படிகள் உண்டாகின்றன. மூலம் உரியவர் கையில். ஒன்று நொத்தாரிசின் பத்திரக் கட்டுக்குள். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி மூன்றும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால், காணிப் பெயரை வைத்துப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்க்க வேண்டும். பொறுமையான ஆளை அனுப்பு. அவசரக்காரர் பக்கத்தைப் புரட்டிவிட்டு "இல்லை" என்று வந்துவிடுவார்.

அப்பாவின் உறுதியில் "கல்வீடு, கிணறு, பயன்தரு மரங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அறைகள் எத்தனை என்றுகூட இல்லையே?

நொத்தாரிசுக்கு நிலந்தான் பொருள். வீடு அதன்மேல் நிற்கும் ஒன்று. ஆனால் அந்த ஒரே வரியைக் கவனமாகப் படியுங்கள். பழைய உறுதியில் மண்வீடு என்றும் அடுத்த உறுதியில் கல்வீடு என்றும் இருந்தால், இரண்டு திகதிகளுக்கும் இடையில் வீடு கட்டப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கிணறு முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா, பங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல தண்ணீர் அரிதான தீவில் கிணற்றுப் பங்குக்கும் அதற்குப் போகும் வழிக்கும் நடந்த சண்டைகள், வீட்டுக்காக நடந்தவற்றைவிட அதிகம்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. மேட்டுக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர்; நெற்காணியில் 12 பரப்பு ஒரு ஏக்கர். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு அண்ணன் தம்பி மனத்தாங்கல் ஆனதைக் கண்டிருக்கிறேன்.

வீடு எத்தனை வருடப் பழமை என்று கண்டுபிடிக்க முடியுமா? (காரைநகர்)

முதலில் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓடுகளில் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் கொமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின, முத்திரையும் மாறியது. அப்படி ஒரு முத்திரை இருந்தால் அந்தக் கூரை எந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்பது கிடைத்துவிட்டது. கூரைக்குத்தான், சுவருக்கு அல்ல. முன்பு கிடுகோ பனையோலையோ பீலி ஓடோ கிடந்த சுவரின்மேல் கொழும்பில் கடை வைத்த மகன் பிறகு மங்களூர் ஓடு போட்டிருக்கலாம்.

சுவரில் சாந்து உதிர்ந்த இடத்தில் முருகைக்கல்லும் (கடற்பவளக் கல்) சுண்ணாம்பும் தெரிகிறதா, செங்கல்லும் சீமெந்தும் தெரிகிறதா? ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். ஒரு மகளின் கலியாணத்துக்கு ஒரு பக்கம் நீண்டிருக்கும். தலைவாசல் நிலையில் ஆண்டு பொறித்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இன்னொன்று: பழைய உறுதிகளில் உங்கள் ஊர் காரைதீவு என்றுதான் இருக்கும். கிழக்கு மாகாணத்துக் காரைதீவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒல்லாந்தர் வரைபடம் பார்த்தால் அதுவும் மாறும்: காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க். ஊராரின் வாயில் ஒன்றும் ஒட்டவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ட் மட்டும் இங்கிலீசில் நிலைத்துவிட்டது.

முருகைக்கல் சுவர் பொரிந்து உதிர்கிறது. சீமெந்து பூசலாமா?

வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சீமெந்து அதன் வாயைப் பொத்திவிடும். உப்பும் ஈரமும் உள்ளே தங்கிக் கல்லை அரித்துவிடும். சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். கல் போதாவிட்டால் வளவில் இடிந்து கிடப்பதை எடுத்துக் கட்டுங்கள். கடலில் போய் முருகைக்கல் தோண்டுவது சட்டவிரோதம்.

எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு குடும்பம் இருக்கிறது. 1990இல் நாங்கள்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். இப்போது "ஆட்சி உறுதி" எழுதிவைத்திருக்கிறார்கள். (வேலணை, இப்போது பிரான்ஸ்)

ஆட்சி உறுதி என்பது ஒருவர் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் வெளிப்படுத்தல். அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது. பதிவகம் அதைப் பதியும். ஆனால் அங்கே பதிவது பத்திரத்தை, உரிமையை அல்ல. பத்து வருடம் எதிராட்சி செய்ததாக, அதாவது உரியவரின் உரிமையை ஏற்காமல் தன்னுடையதாகவே ஆண்டதாக, நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அது நிற்கும். உங்கள் அனுமதியோடு வந்து குடியிருந்தவரின் இருப்பு எதிராட்சி ஆகாது. ஆகவே அனுமதி கொடுத்ததற்கு ஆதாரம் தேடுங்கள்: அந்தக் காலத்துக் கடிதம், அனுப்பிய காசுக்குப் பற்றுச்சீட்டு, உள்ளூராட்சி சபைக்கு நீங்கள் கட்டிய சோலைவரி.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது உடுத்த உடையோடு ஓடியவர்கள் நாங்கள். அந்த வருடங்களை எங்களுக்கு எதிராக எண்ணுவது நியாயமா என்ற கேள்விக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஓரளவு பதில் தந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு எதிராகக் கணக்கிடாதிருக்க அது வழி செய்தது. அதன் பயன் இன்னும் உங்களுக்குக் கிட்டுமா என்று சட்டத்தரணியைக் கேளுங்கள். இந்த மாதமே கேளுங்கள். உங்களுக்காகச் செயற்பட ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால், முழு அதிகாரத்தையும் ஒருவருக்கே தூக்கிக் கொடுக்காமல் என்ன வேலைக்கு என்று வரையறுத்து எழுதுங்கள்.

நாங்கள் மூன்று சகோதரிகள், பொதுக்காணி. மூத்த அக்கா தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போகிறார். தடுக்க முடியுமா?

விற்பனையைத் தடுக்க முடியாது, முந்திக்கொள்ளலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. உங்களுக்கு முறையாக அறிவிக்காமல் விற்றால் வழக்குப் போடலாம். ஆனால் விலையைக் கட்டக் கையில் காசு இருக்க வேண்டும். கோபம் மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்களை நாங்கள் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அக்கா கலியாணம் ஆனவரானால் அத்தானின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு மட்டும் விதித்த விலங்கு அது. தன் காணியை விற்கும் கணவனுக்கு அது இல்லை. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் திறப்பை மாப்பிள்ளையிடம் கொடுத்த கதை. எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

ஒல்லாந்தர் தோம்பில் என் முன்னோரைக் காண முடியுமா? (நெடுந்தீவு)

தோம்பு என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காணித் தோம்பு, தலைத் தோம்பு என்று இரண்டு வகை எழுதினார்கள். ஒன்று நிலத்துக்கும் மரத்துக்கும், மற்றது ஆட்களுக்கு. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பழைய டச்சுக் கையெழுத்து. குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தில் ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் ஒரு வேலனும் ஒரு கந்தனும் உங்களுடையவர்தானா என்று எப்படிச் சொல்வீர்கள்? உறுதிகளின் சங்கிலியைப் பிடித்துப் பின்னால் நடந்து, அது அறுகிற இடத்தில் தோம்பைத் திறவுங்கள். மேலிருந்து தொடங்கினால் யாரையாவது பூட்டனாக்கிக்கொண்டு வருவீர்கள்.

நெடுந்தீவில் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலி எங்கள் எல்லையில் இருக்கிறது. பிரித்துவிட்டுத் தகரம் அடிக்கலாமா?

நில அளவையாளர் வந்து வரைபடம் கீறும் வரைக்கும் ஒரு கல்லையும் அசைக்காதீர்கள். உங்களுடைய உறுதியில் "கிழக்கு: வேலி" என்று எழுதியிருந்தால், தம்பி, அந்த வேலி இதுதான்.