வெளுப்பு முறைக்குக் காப்புரிமை மறுப்பு: மேல்முறையீட்டில் எது நிற்கும்?

கேள்வி: காகிதக் கூழை முதலில் சைலனேஸ் நொதியாலும், பிறகு குளோரின் டை ஆக்சைடாலும், இறுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடாலும் வெளுக்கும் முறைக்கு இந்தியக் காப்புரிமை கோரினேன். நொதிக் கட்டத்தின் பிஎச் 4 முதல் 10 வரை என்று எழுதியிருந்தேன். முன்பே வெளியான ஆவணங்கள் இரண்டைச் சேர்த்துப் படித்தாலே இது துறை அறிந்தவருக்குப் புலப்படும் என்று மறுத்துவிட்டனர். புதிய சோதனைகள் செய்து மேல்முறையீட்டில் வெல்ல முடியுமா?

பதில்: மேல்முறையீடு செய்யலாம், புதிய சோதனைகளை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் மறுக்கப்பட்டால், 117ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றம் போகலாம். முன்பு இவற்றைக் கேட்டுவந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. கெடு 3 மாதம். அது உத்தரவின் தேதியிலிருந்து ஓடுகிறது, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.

நொதி, கூழின் நாரில் உள்ள சைலன் என்ற சர்க்கரைச் சங்கிலியைச் சிதைத்து, நிறம் தரும் லிக்னின் வெளியேற வழிவிடும், அதனால் குளோரின் டை ஆக்சைடு குறைவாகவே போதும் என்பது இத்துறையில் வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. அதையே நீதிமன்றத்தில் சொன்னால் எதிர்த்தரப்பின் வாதத்தை நீங்களே எடுத்துக்கொடுத்ததாகும். அந்த இரண்டு ஆவணங்களைப் படித்தவர் எதிர்பார்க்க முடியாத பலன் எது? அதே வெண்மையில் கூழின் வலிமை குறையாமல் நின்றதா? அதைக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணை முதலில் தாக்கல் செய்த, கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பிலேயே இருக்க வேண்டும். பின்னால் செய்த சோதனை, அங்கே சொல்லிய பலனுக்கு வலுச்சேர்க்கலாம். சொல்லாத பலனைப் புதிதாகக் கொண்டுவருவது கடினம். ஒப்பிட்ட கூழ்களின் தொடக்கக் கப்பா எண்ணும் (கூழில் மிஞ்சியுள்ள லிக்னின் அளவைக் காட்டுவது) ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் வித்தியாசம் முறையால் வந்ததா, கூழால் வந்ததா என்ற கேள்வியிலேயே அட்டவணை விழுந்துவிடும்.

அடுத்தது அந்த 4 முதல் 10. இது பேராசை. உங்கள் சோதனைகள் எல்லாம் பிஎச் 7க்கும் 8க்கும் இடையில் நடந்திருந்தால், கோரிக்கையையும் (காப்புரிமை கேட்கும் எல்லையை வரையறுக்கும் பகுதி) அங்கேயே சுருக்குங்கள். மேல்முறையீட்டுக் கட்டத்திலும் திருத்தத்தை அனுமதித்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. ஆனால் 59ஆம் பிரிவுப்படி, திருத்திய கோரிக்கை பழையதற்குள் முழுமையாக அடங்க வேண்டும். விவரக்குறிப்பில் இல்லாத எண்ணைப் புதிதாக நுழைக்க முடியாது.

இரண்டு ஆவணங்களையும் ஒருவர் ஏன் சேர்த்துப் பார்ப்பார் என்று உத்தரவு விளக்குகிறதா? விளக்காமல் 'புலப்படும்' என்று முடித்திருந்தால் அது நல்ல காரணம்தான். ஆனால் அதனால் பெரும்பாலும் கிடைப்பது காப்புரிமை அல்ல, காப்புரிமை அலுவலகத்தில் மறுவிசாரணை. மறுப்புக்கு முன் உங்களுக்கு வந்த விசாரணை அறிவிப்பையும் உத்தரவையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். அறிவிப்பில் இல்லாத ஆவணம் உத்தரவில் தலைகாட்டியிருந்தால், அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று பொருள்; மேல்முறையீட்டு மனுவில் அதையே முதல் காரணமாக எழுதச் சொல்லுங்கள்.