பெரிய பிரிண்டர் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: பெயர்ப்பலகைக் கடை நடத்துகிறேன். இதுவரை வெளியே கொடுத்தே அச்சிட்டு வந்தேன். சொந்தமாக இயந்திரம் வாங்க நினைக்கிறேன். எகோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த மை), லேட்டெக்ஸ் (சூட்டில் பதியும் நீர் சார்ந்த மை), யூவி (புற ஊதா ஒளியில் இறுகும் மை) ஆகிய வகை இயந்திரங்களில் எது ஏற்றது? பழைய இயந்திரம் வாங்கலாமா?

பதில்: வாரத்தில் எத்தனை நாள் இயந்திரம் ஓடும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். ஓடாமல் நிற்கும் பிரிண்டரில்தான் மை உலர்ந்து நாசில்கள் (மை வெளிவரும் நுண்துளைகள்) அடைபடுகின்றன. ஸ்டிக்கரும் பேனரும்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் 1.6 மீட்டர் அகலமுள்ள எகோ சால்வென்ட் போதும் என்பதே என் கருத்து. ஆனால் அதில் அச்சிட்ட வினைலை (ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் தாளை) 24 மணி நேரமாவது உலரவிட்ட பிறகே லேமினேஷன் செய்ய வேண்டும். இல்லையெனில் உள்ளே தங்கிய கரைப்பான் பசையை இளக்கி, ஒட்டிய சில நாட்களில் ஓரங்கள் சுருண்டு எழும்பும். அன்றே ஒப்படைக்கும் வேலைகள் அதிகமென்றால், அச்சு உலர்ந்தே வெளிவரும் லேட்டெக்ஸ் வசதியானது. அது சூட்டினால் மையைப் பதிய வைப்பதால் மின்சாரச் செலவு கூடும். சூடு தாங்காத மெல்லிய பொருட்கள் நெளியவும் கூடும். அக்ரிலிக், கண்ணாடி, தகடு போன்றவற்றின்மேல் நேரடியாக அச்சிட யூவி வேண்டும்.

பழைய இயந்திரம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் விற்பவர் காட்டும் அழகான மாதிரிப் படத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கண்ணெதிரே, கிளீனிங் (இயந்திரம் தானே நாசில்களைச் சுத்தம் செய்யும் வேலை) ஓட்டாமல், நாசில் செக் (எல்லா நாசில்களும் மை விடுகின்றனவா என்று காட்டும் சோதனைக் கோடுகள்) எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லா நிறமும் அடர்த்தியாக விழும் படம் ஒன்றை ஒரு மீட்டர் நீளத்துக்கு அச்சிட்டு, அரை மணி நேரம் நிறுத்திவைத்து மீண்டும் நாசில் செக் எடுங்கள். முதல் தாளில் முழுதாக இருந்த கோடுகள் இரண்டாவதில் விடுபட்டிருந்தால், டேம்பரிலோ (மை ஓட்டத்தைச் சீராக்கும் சிறு அறை) மைக்குழாயிலோ காற்று புகுகிறது, அல்லது கேப் (ஓய்வில் நாசில்களை மூடும் மூடி) சரியாக மூடவில்லை என்று பொருள். ஹெட் (நாசில்கள் உள்ள அச்சுத் தலை) எப்போது மாற்றப்பட்டது, உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் முதல் அச்சில் வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. கிளீனிங் செய்தால் சரியாகிறது. மறுநாள் அதே கதை. ஹெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஹெட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். நாசில் செக் தாள்களைத் தேதி குறித்துச் சேர்த்து வையுங்கள். எப்போதும் அதே நாசில்களே விடுபட்டால் ஹெட்டில் அடைப்போ பழுதோ இருக்கலாம்; ஒவ்வொரு நாளும் இடம் மாறி விடுபட்டால் குறை வேறெங்கோ இருக்கிறது. கேப்பிங் ஸ்டேஷனின் (ஹெட் ஓய்வில் வந்து நிற்கும், கேப் உள்ள இடம்) ரப்பர் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மை காய்ந்து மேடு தட்டியிருந்தால் ஹெட் முழுதாக மூடப்படாமல், இரவெல்லாம் காற்றுப்பட்டு நாசில் உலரும். அந்த மைக்கு உரிய கிளீனிங் திரவத்தில் நனைத்த ஸ்பாஞ்ச் முனைக் குச்சியால் விளிம்பையும் வைப்பரையும் (ஹெட்டின் அடியைத் துடைக்கும் ரப்பர் பட்டை) துடையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒன்று பிரிந்து ஹெட்டின் அடியில் ஒட்டினாலே அச்சு முழுவதும் மை தீற்றும். நாசில் தட்டைத் தொட்டுத் துடைக்கவே கூடாது. பிறகு கேப்பில் திரவத்தை நிரப்பிக் கிளீனிங் ஓட்டிப் பாருங்கள். திரவம் இறங்காமல் தேங்கி நின்றால் பம்ப்போ அதன் குழாயோ அடைபட்டிருக்கிறது.

இரவில் மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இருந்தால் கையேட்டைப் பாருங்கள். பல இயந்திரங்கள் தாமே விழித்துச் சுத்தம் செய்துகொள்ளும். மெயினை அணைத்தால் அது நடக்காது. அறையின் ஈரப்பதத்தையும் கவனியுங்கள். காற்று மிகவும் உலர்ந்தால் நாசில் காய்வதோடு நிலைமின்சாரமும் சேர்ந்து மைத்துளிகளைச் சிதறடிக்கும்.

கேள்வி: வேறு நிறுவனத்தின் மலிவான மையைப் பயன்படுத்தலாமா?

பதில்: உத்தரவாதக் காலம் முடியும்வரை வேண்டாம். அதன்பின் மாறினாலும், பழைய மையோடு கலந்துவிடாதபடி குழாய்களை முழுதாகக் கழுவி, புதிய மைக்கென்று நிற புரொஃபைலை (நிறங்கள் சரியாக விழ உதவும் அமைப்புக் கோப்பு) தனியாக எடுத்த பிறகே வாடிக்கையாளர் வேலையைத் தொடங்குங்கள்.