அறையில் கட்டில், மேசை, அலமாரியை எங்கே வைப்பது என்று கணினியே தீர்மானிக்க முடியுமா?

முடியும். இதற்காக நானே ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

அறையில் நமக்கு உறுத்துகிற ஒவ்வொன்றுக்கும் தண்டப் புள்ளி வைக்க வேண்டும். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா, அலமாரி சன்னலை மறைக்கிறதா, சோபாவில் உட்கார்ந்தால் டிவி தெரியவில்லையா, எல்லாவற்றுக்கும் புள்ளி. பொருட்களைக் கண்டபடி போட்டுவிட்டு ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பது நிரலின் வேலை. புள்ளி குறையும் நகர்வுகளை மட்டும் ஏற்றால் சீக்கிரமே முட்டி நின்றுவிடும். கட்டிலும் மேசையும் இடம் மாற, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தானே ஆக வேண்டும்? அதனால் ஆரம்பத்தில் மோசமான நகர்வையும் தாராளமாக விட்டு, போகப் போக இறுக்குவார்கள். உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதைப் பார்த்து, 1983-இல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் முன்வைத்த முறை இது.

என் முதல் முயற்சியில் எதுவும் எதன் மீதும் இடிக்கவில்லை. ஆனால் நாற்காலி சுவரைப் பார்த்துக் கிடந்தது, அலமாரிக்குப் போக வழியே இல்லை. நடக்கும் இடத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை! அப்புறம் தரையைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, 60 செ.மீ. அகலமுள்ள ஆள் வாசலிலிருந்து ஒவ்வொரு பொருளின் முன்பக்கத்துக்கும் போய்ச் சேர முடிகிறதா என்று சோதித்தேன். இழுப்பறை திறக்கும் இடத்தையும் மேசையின் பாகமாகவே எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் அது மனிதர் வாழும் அறை மாதிரி வந்தது.

2011-இல் கணினி வரைகலைக்கான சிக்ராப் (SIGGRAPH) மாநாட்டில் இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, மனிதர்கள் அமைத்த மாதிரி அறைகளிலிருந்து உறவுகளைக் கற்றுக்கொண்டு தானாகவே அடுக்குவது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த மற்றது, நாம் நகர்த்த நகர்த்த யோசனைகளை முன்வைப்பது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், ஏனென்றால் இந்த மேசை இங்கேதான் இருக்க வேண்டும் என்பதற்கு வீட்டுக்காரரிடம் காரணம் இருக்கும்.

2021-இல் வந்த ஏடிஸ் (ATISS) போன்ற அறை அடுக்கும் நிரல்கள் ஆயிரக்கணக்கான அறைகளைப் பார்த்துப் பழகிய நரம்பியல் வலையமைப்புகள். பார்க்க இயல்பாக அடுக்கும், ஆனாலும் சில சமயம் நாற்காலி மேசைக்குள் புகுந்துவிடும். சோதனை இல்லாமல் நம்ப வேண்டாம்.

நீங்கள் முயல்வதாக இருந்தால், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்னல், பிளக் பாயிண்ட் எங்கே என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர் உண்டென்றால், அது திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் காலியாக வேண்டும். அதைத் தண்டப் புள்ளியில் சேர்க்காதீர்கள், மீறவே கூடாத விதியாக வையுங்கள்.