ஓலைக்குவியலுக்கு எந்தத் திரவம் வாங்கலாம்?

குச்சவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 2 ஏக்கரில் கூட்டெரு தயாரிக்கத் தொடங்கினோம். பனையோலை, தென்னோலை, மட்டை, ஊமல், தும்புச்சோறு எல்லாம் லொறி லொறியாகக் கொண்டுவந்து குவித்து 6 மாதம். மேல்பக்கம் மட்டும் கறுத்திருக்கிறது, உள்ளே ஓலை ஓலையாகவே இருக்கிறது. திருகோணமலையில் ஒரு வியாபாரி நுண்ணுயிர்த் திரவம் அடித்தால் 45 நாளில் உக்கும் என்கிறார். போட்ட காசு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்தத் திரவம் நல்லது?"

தம்பி, எதையும் வாங்காதீர்கள். உக்கவைக்கும் நுண்ணுயிர் உங்கள் ஊர் மாட்டுச் சாணத்திலேயே தாராளமாக இருக்கிறது. அதற்குத் தின்னக் கொடுக்காமல் போத்தலில் இன்னும் கொஞ்சம் ஊற்றி என்ன பயன்? 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது இப்படிப்பட்ட போத்தல்களை வாங்கி ஏமாந்த கமக்காரர் பலரை எனக்குத் தெரியும். 45 நாள் கணக்குச் சொல்பவரிடம், முழு ஓலைக்கா வெட்டிய ஓலைக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓலையின் மேல் மெழுகு, உள்ளே லிக்னின் என்ற, லேசில் உக்காத மரப்பொருள். முழு ஓலை தண்ணீரை உள்ளே விடாது. யாழ்ப்பாணத்தில் தோட்டக் காணியில் ஓலை தாழ்ப்பார்களே, அது மண்ணுக்குள் கிடந்து ஆறுதலாக உக்கட்டும் என்றுதான். விற்பனைக்குச் செய்கிற உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. திரவத்துக்கு வைத்த காசை வெட்டும் இயந்திரத்துக்கு வையுங்கள், வாடகைக்கு என்றாலும் சரி. ஒரு அங்குலத்துக்கு மேல் துண்டு இருக்கக்கூடாது. நான் எங்கே போனாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது தழைச்சத்து (நைதரசன்), நுண்ணுயிருக்குத் தின்னக் கொடுக்க வேண்டியது அதுதான். ஓலையிலும் தும்புச்சோற்றிலும் காபன்தான் கூட. காய்ந்த துருவல் ஒரு தொன்னுக்குக் கோழி எரு அரைத் தொன்னாவது வேண்டும். வேலியில் கிளிரிசிடியா இருந்தால் இலையும் குச்சியுமாக வெட்டிச் சேருங்கள். சாணம் மட்டும் என்றால் இன்னும் நிறைய வேண்டும். ஊமலைக் குவியலில் போடவே வேண்டாம், கரி சுடுபவர்களுக்குக் கொடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. அந்தக் குவியலைச் சுற்றி யாருடைய தென்னந்தோட்டம் இருக்கிறது?

காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடுவது இப்படி அரைகுறையாக உக்கி, சூடில்லாமல் கிடக்கும் குவியலைத்தான். புழு மாதக்கணக்கில் அதற்குள் இருந்து வளர்ந்து, வண்டாகிப் பறந்து போய்க் குருத்தைத் துளைக்கும். விரிகிற ஓலை கத்தரித்தது போல முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கும். அந்தக் காயத்தைத் தேடிச் செவ்வண்டு வந்தால் மரமே போய்விடும். 6 மாதம் கிளறாத குவியல் என்றால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. உங்கள் எரு பிந்தினால் பரவாயில்லை, அயலவரின் காய்க்கிற தென்னை திரும்பி வராது.

உக்காத ஓலைக்கும் வண்டுக்கும், இரண்டுக்கும் மருந்து சூடுதான். 5 அடி உயரம், 8 அடி அகலத்தில் நீள வரிசையாக மாற்றிப் போடுங்கள். நடுவில் சூடு 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏற வேண்டும். இரும்புக் கம்பியைச் செருகி 10 நிமிடம் கழித்து எடுத்தால் கையில் பிடித்திருக்க முடியாத சூடு இருக்கட்டும். புழு இருப்பது சூடேறாத வெளிப்பக்கத்தில். அதனால் 10 நாளுக்கு ஒரு தடவை பெக்கோவால் புரட்டி வெளிப்பக்கம் உள்ளே போகும்படி பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குவியல் சீக்கிரம் காய்ந்துவிடும். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி விழும் அளவுக்கு ஈரம் வேண்டும். மாரி தொடங்குமுன் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தெல்லாம் மழைத்தண்ணீரோடு போய்விடும்.

நாளைக் காலையில் பழைய குவியலின் ஓரத்தை ஒரு அடி ஆழத்துக்கு நாலு இடத்தில் கிண்டுங்கள். வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு வந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். எத்தனை கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். நிறைய என்றால், அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சணம் கலப்பது பற்றி அப்போது சொல்கிறேன்.